கித்தாக் காட்டுக் கதை – 14: பெர்மிட் வந்த வருஷம்

சென்ற வாரம் தோட்டத் துண்டாடலைப் பார்த்தோம். மலாயாவின் விடுதலையான மெர்டேக்காவை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு, அந்தப் பங்கில் ஒரு தோட்டம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்.

தோட்டத்தைக் காப்பாற்றப் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் வேலை செய்ய அந்தப் பணத்தைக் கட்டும் ஆளுக்கே உரிமை உண்டா என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை.

1968ல் அது எழுந்தது.

* * *

அந்த ஆண்டு மலேசிய நாடாளுமன்றம் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நீளமான சட்டம் இல்லை. குடியுரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவர் பெயருக்கு வேலை பெர்மிட் இருக்க வேண்டும். இல்லாமல் வைத்தால் முதலாளி மீது குற்றம். அவ்வளவுதான் சாரம்.

காலமும் அப்படிப்பட்ட காலம். கென்யா 1967லேயே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கிருந்த இந்தியர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு விமானம் ஏறியதும், 1968 மார்ச்சில் பிரிட்டன் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டுத் தன் பாஸ்போர்ட்டையே செல்லாக்காசாக்கியது. பர்மாவில் நே வின் ஆட்சி கடைகளைத் தேசியமயமாக்கியதில் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு சென்னைக் கரையில் இறங்கியிருந்தார்கள். இலங்கை விஷயத்தில் 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1969 நவம்பரில் கானா தன் பங்குக்கு நைஜீரியர்களை வெளியேற்றியது. விடுதலை பெற்ற நாடுகள் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்த வேலைகளில் ஒன்று, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது.

இந்தச் சட்டத்தை ஆதரித்தவர்களின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். கொரியப் போர்க் காலத்தில் உச்சிக்குப் போன ரப்பர் விலை, அறுபதுகளின் கடைசியில் தரையைத் தொட்டது. மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடி நகரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்களின் வறுமை கற்பனை இல்லை. நெல் வயலிலும் சின்னத் தோட்டத்திலும் அது கண்ணுக்குத் தெரிந்தது. குடிமகன் சும்மா இருக்கும்போது அந்நியனுக்கு ஏன் வேலை என்று அரசியல்வாதி கேட்டால் கைதட்டல் கிடைக்கத்தான் செய்யும். எந்த நாட்டிலும் கிடைக்கும்.

ஆனால் அந்த அந்நியன் யார்? சட்டப் புத்தகத்தில் அவன் நேற்றுக் கப்பலிறங்கியவன் போலத் தெரிந்தான். தோட்டத்தில் போய்ப் பார்த்தால், முப்பது வருஷமாக ஒரே நிரையில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

* * *

1969 மே 10ஆம் தேதி பொதுத்தேர்தல்.

பேராக்கில் அந்தத் தேர்தலே ஒரு துக்க வீட்டிலிருந்துதான் தொடங்கியது. மக்கள் முற்போக்குக் கட்சியின் டி. ஆர். சீனிவாசகம் மார்ச் 15ல் காலமாகிவிட்டார். ஈப்போவில் ஏழை வீட்டுக் கேஸ் என்றால் அவர் அலுவலகத்துக்குத்தான் ஆட்கள் போவார்கள் என்று பேர் வாங்கிய வக்கீல். கட்சி அண்ணன் எஸ். பி. சீனிவாசகத்தின் கைக்கு வந்தது. தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தவை 19. மக்கள் முற்போக்குக் கட்சிக்கு மட்டும் 12. ஆட்சி யாருக்கு என்றே தெரியாத நிலை.

மூன்று நாள் கழித்து அந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போனது. மே 13, கோலாலம்பூரில் இனக்கலவரம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தொடரில் அதற்குள் போகவில்லை. நமக்கு வேண்டியது அதன் பின்விளைவு. அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தத் தொடங்கியது. 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் கூடவில்லை.

பெர்மிட் சட்டம் பிறந்தபோது நாடாளுமன்றம் இருந்தது. அதன் பிடி இறுகியபோது நாடாளுமன்றக் கதவு சாத்திக் கிடந்தது. தோட்டக்காரனுக்காக ஒருவர் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்க, நாட்டில் இடமே இல்லாத இருபத்தொரு மாதங்கள் அவை.

* * *

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவிலிருந்து தாப்பா ரோடு வரையிலோ பீடோர் பக்கமோ, அன்று எந்த லயத்தில் நுழைந்திருந்தாலும் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கலாம்.

தாத்தா 1920களில் கங்காணியோடு சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். பயணச் செலவை முதலாளிமார் பணம் கட்டிய இந்தியர் குடியேற்ற நிதி கொடுத்தது. பினாங்குக்கு முன்னால் ஜெரஜா தீவில் நோய்த் தடுப்பு முகாம், பிறகு ரயில், பிறகு காடு. அப்பா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா இன்னொரு தோட்டத்தில் பிறந்து கல்யாணமாகி வந்தவர். பையன் 1958ல் பிறந்தான்.

இப்போது அரசியல் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களை வரிசையில் நிறுத்துவோம்.

பையனுக்குச் சிக்கல் இல்லை. 1957 ஆகஸ்டு 31க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தவன் என்பதால் தானாகவே குடிமகன். (1962ல் அந்த விதியும் சுருக்கப்பட்டது, பையன் தப்பித்தான்.)

அப்பா இங்கேயே பிறந்தவர்தான். ஆனால் மெர்டேக்காவுக்கு முன்னால் பிறந்தவர். அவர் விண்ணப்பிக்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். மெர்டேக்காவை அடுத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்திருந்தால் மலாய் மொழிச் சோதனைகூட இருந்திருக்காது. அந்தக் கெடு 1958 ஆகஸ்டோடு முடிந்தது. அவர் போகவில்லை.

தாத்தா வெளியே பிறந்தவர். பன்னிரண்டு வருஷத்தில் எட்டு வருஷம் இருந்ததைக் காட்டி, மலாயும் கொஞ்சம் தெரிந்திருந்தால் அவரும் பதிவு செய்திருக்கலாம். அவர் அதைக் கேள்விப்படவே இல்லை.

அம்மாவுக்குக் குடியுரிமை உண்டு. அவர் பிறந்த தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) ஒருவர் பாரங்களை வாங்கி வந்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்திலேயே எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருந்தார். புருஷன் பிறந்த தோட்டத்தில் அப்படி ஒரு கிராணி இல்லை.

ஒரே கூரை. ஒரே அடுப்பு. இரண்டு பேர் குடிமக்கள், இரண்டு பேர் அந்நியர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நாட்டுப்பற்றும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒரு தோட்டத்து ஆபீசில் எழுதத் தெரிந்த ஒருவருக்கு மனம் இருந்தது. இன்னொரு தோட்டத்தில் இல்லை.

பெர்மிட் வந்தபோது அப்பாவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். விண்ணப்பத்தைத் தோட்ட நிர்வாகம் போட வேண்டும். கிடைத்தால் குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும். முடிந்ததும் மறுபடி. இந்தத் தடவை வந்தது, அடுத்த தடவை? நிர்வாகமே இவருக்காகப் போடுமா? ரப்பரை அழித்துச் செம்பனை நடத் தொடங்கியிருந்த தோட்டங்களுக்கு முன்போல் ஆள் தேவைப்படவில்லை. ஆளைக் குறைக்க வேண்டிய நேரத்தில், குறைக்க வேண்டிய ஆட்களின் பட்டியலை அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

இதில் பெரிய முதலாளி யாரும் அழுததாகத் தெரியவில்லை.

* * *

விண்ணப்பிக்க ஏன் போகவில்லை?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண வீட்டுத் திண்ணையிலும், கட்சிக் கூட்டத்திலும் ஒரே பதில்தான் வரும்: நம்ம ஆளுங்களுக்கு அலட்சியம். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

பாதி உண்மை. பெட்டியில் ஊர் மண் வாசம் போகாத கிழவர்கள் இருந்தார்கள். 1930களின் மந்தத்தில் தோட்ட முதலாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியதைப் பார்த்தவர்கள் அவர்கள். வேலை இருந்தால் வா, இல்லையென்றால் போ என்று இரண்டு தலைமுறைக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, மூன்றாம் தலைமுறையில் நீ ஏன் இந்த மண்ணை உன் மண் என்று நினைக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

மீதிப் பாதியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தாப்பா மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் ஒரு நாள் கூலி போச்சு. பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் எங்கே? பாரம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது தமிழ். எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம், எல்லோர் கையிலும் ஓர் அட்டை இருந்தது. கம்யூனிஸ்டு அவசரகாலத்தில், 1948ல், எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள். ரோந்து வந்த சிப்பாய் கேட்டபோதெல்லாம் அதைத்தான் நீட்டினார்கள். ஐ.சி. இருக்கிறவன் இந்த நாட்டுக்காரன்தானே என்று ஒருவர் நினைத்திருந்தால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குடியுரிமை இல்லாதவருக்குச் சிவப்பு ஐ.சி., குடிமகனுக்கு நீல ஐ.சி. என்ற பிரிவினை அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. தீர்ந்தபோது கெடு முடிந்துவிட்டிருந்தது.

தலைவர்கள்? சம்பந்தன் அமைச்சரவையில் இருந்தார். 1955லிருந்து இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வின் தலைவர். தோட்டம் வாங்குவதில் அவர் காட்டிய வேகத்தைக் குடியுரிமைப் பதிவில் கட்சி முழுவதுமாகக் காட்டியதா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கூட்டணிக்குள் இருந்துகொண்டு, நாடாளுமன்றமும் இல்லாத நாளில் அவர் எவ்வளவு பேசியிருக்க முடியும் என்பதும் சரியான கேள்வியே. 1973ல் தலைமை மாணிக்கவாசகத்தின் கைக்குப் போனதற்குப் பல காரணங்கள். அந்தக் கதை தனி.

* * *

நாட்டை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அறுபதாயிரம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

யாரையும் பிடித்துத் தள்ளிக் கப்பலில் ஏற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதுதான் இந்த அத்தியாயத்தைப் பர்மாவிலிருந்தும், பிறகு 1972ல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்த உகாண்டாவிலிருந்தும் பிரிக்கிறது. இங்கே கெடுபிடி எல்லாம் காகிதத்தில் நடந்தது. வேலை நின்றால் லயத்து வீடு போகும். வீடு போனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, டிரெசர் மருந்து எல்லாம் போகும். தோட்டத்தில் நலத்திட்டம் என்று இருந்ததெல்லாம் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலைக்கு வெளியே அந்த மனிதனுக்கு அரசாங்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. குடிமகனுக்கு இருந்த அரசு நிலத்திட்டங்களிலும் அவன் பெயருக்கு இடம் இல்லை.

ஆகவே கிளம்பினார்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவர் சேமநிதியை எடுத்துக்கொள்ள வழி இருந்தது. இருபது வருஷ உழைப்பைக் கையில் எண்ணி வாங்கினார்கள். தாப்பா ரோடு ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயில். பட்டர்வொர்த், பினாங்கு, அங்கிருந்து கப்பல். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்களை ஏற்றி இங்கே இறக்கிய அதே கப்பல், அதே கடல்வழியில் ஆட்களைத் திருப்பிக் கொண்டுபோயிற்று.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். அப்பா போனால் அம்மா என்ன செய்வார்? நீல ஐ.சி.யை வைத்துக்கொண்டு தனியாக நிற்பாரா? பதினோரு வயசுப் பையன், பிறப்பால் இந்த நாட்டுக் குடிமகன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவான். பெர்மிட் புள்ளிவிவரத்தில் அவன் வரமாட்டான். அவன் அந்நியன் இல்லையே.

இறங்கிய இடத்தில் வரவேற்பு எப்படி இருந்தது? இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. அவர்களுக்காக 1968ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டமே போட்டது. பிறகு அது டான்டீ ஆயிற்று. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குச் சென்னையில் கடை போட ஓர் இடமாவது கிடைத்து, பர்மா பஜார் என்று பெயரும் நின்றது. மலேசியாவிலிருந்து போனவர்களுக்காக இரண்டு அரசுகளுக்கும் இடையில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. அவர்கள் அகதிகளாகப் போகவில்லை. தாயகம் திரும்பியோர் பட்டியலில் பெரிதாகப் பேசப்படவும் இல்லை. அப்பாவின் ஊருக்கு, அப்பாவே பார்த்திராத ஊருக்கு, மலாய்ச் சொற்கள் கலந்த தமிழோடு போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு வைத்த பெயர் மலேயாக்காரன்.

* * *

1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடி கூடியது. இப்போதாவது பேசியிருக்கலாம்.

முதல் வேலையாக அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். குடியுரிமை பற்றிய மூன்றாம் பகுதி, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153ஆம் பிரிவு, ஆட்சியாளர்களின் இறைமை ஆகிய நான்கையும் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. மீறினால் தேச நிந்தனைச் சட்டம். நாடாளுமன்றத்துக்குள் பேசினாலும் பாதுகாப்பு இல்லை. எப்படி அமல் செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்கக்கூடாது.

இதை மலாய்க்காரர்களுக்குச் சாதகமான பூட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். பட்டியலில் முதலில் நிற்பது குடியுரிமை. நீல ஐ.சி. வைத்திருந்த தமிழனிடமோ சீனனிடமோ, உனக்கு ஏன் குடியுரிமை, அதைப் பிடுங்கு என்று இனி யாரும் மேடையில் முழங்க முடியாது. அந்த ஆண்டே உத்துசான் மெலாயு நாளேட்டின் மீது தேச நிந்தனை வழக்குப் பாய்ந்தது. காரணம், தமிழ், சீனப் பள்ளிகளை ஒழிக்க வேண்டும் என்று அது போட்ட தலைப்பு. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பூட்டு உண்மையான காவல்.

வெளியே நின்றவர்களுக்கு? 1957ல் போட்ட கோடு எங்கே விழுந்ததோ அங்கேயே அது கல்லாயிற்று. அந்தக் கோட்டை ஏன் அப்படிப் போட்டீர்கள், கிராணி இல்லாத தோட்டத்தில் பிறந்தவன் என்ன பாவம் செய்தான் என்று வாதாட நினைத்தவர்கூட, எது விமர்சனம், எது நிந்தனை என்று வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். உள்ளே இருந்த தமிழர்களின் பாதுகாப்பும் வெளியே நின்ற தமிழர்களின் வாய்ப்பூட்டும் ஒரே திருத்தத்தில் வந்தன. உள்ளே இருந்தவர்கள் அதிகம் பேசாததற்கு அது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கோட்டைத் தொட்டால் தங்கள் பக்கமும் ஆடிவிடுமோ என்ற பயம்.

அதே ஆண்டு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது, இனவாரியாகத் தொழில்கள் பிரிந்து கிடப்பதை மாற்றுவது என்று இரண்டு நோக்கங்கள். தோட்டத்து வறுமை முதல் நோக்கத்தில் இருந்தது. பணம் பெரும்பாலும் இரண்டாவதைத் தேடிப் போயிற்று.

போகாமல் சிவப்பு ஐ.சி.யோடு தங்கிவிட்டவர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பு எவ்வளவு நீண்டது என்றால், அறுபது வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்ற அறிவிப்பு பிரதமர் மகாதீர் வாயிலிருந்து வந்தது 2018ல்.

* * *

இதற்கிடையில் தோட்டத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நீல ஐ.சி. வைத்திருந்த இளைஞர்கள் தோட்டத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். யாரும் அவர்களைத் தடுக்க முடியாது. பெர்மிட் வேண்டாத பிள்ளைகள். அப்பாக்களை அனுப்பிவிட்டுக் காலியாய் விட்ட நிரைகள் ஒரு பக்கம், மகன்கள் விட்டுப்போன நிரைகள் இன்னொரு பக்கம். மரம் வெட்ட ஆள் இல்லை, குலை அறுக்க ஆள் இல்லை என்று முதலாளிகள் புலம்பத் தொடங்கினார்கள். 1984ல் மேடானில் இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, தோட்டத்துக்கு ஆள் எடுக்கச் சட்டப்படி வழி பிறந்தது.

ஆனால் ஆட்கள் ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கவில்லை. அதற்குப் பல வருஷம் முன்பே, மலாக்கா நீரிணையைப் படகில் கடந்து, குத்தகைக்காரர் மூலமாக அவர்கள் தோட்டங்களுக்குள் வந்துவிட்டிருந்தார்கள். எந்த லயத்து வீட்டிலிருந்து ஒரு குடும்பம் மூட்டை கட்டியதோ, அந்த வரிசையில் வேறொரு பாஷை கேட்கத் தொடங்கியது.

1968ன் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது.  முப்பது வருஷம் உழைத்தவனைப் பெர்மிட் இல்லை என்று அனுப்பிய அதே தோட்டம், நேற்று இரவு கரையேறிய, பெர்மிட் என்ற சொல்லே கேட்டிராத ஒருவனை இன்று காலை பெரட்டில் நிறுத்தியது எப்படி?

(தொடரும்)